தாயின் கையும் மருந்தாகும்

மாதம் நிறையுமுன் பிறந்த பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்போது, தொட்டால் ஏதும் நேர்ந்துவிடுமோ என்று தாய் விலகி நிற்பதை நாம் அறிவோம். ஒரு காலத்தில் வைத்தியசாலைகளும் இப்பிள்ளைகளைத் தொடாமல் விடுவதே நல்லதென்று எண்ணின. இன்று அந்த எண்ணம் மாறிவிட்டது.

அமெரிக்காவில் டிபனி பீல்ட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 40 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வு 1986இல் வெளியானது. அவர்களுள் 20 பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 15 நிமிடமாக, 10 நாட்கள் உடலைத் தடவிவிட்டு, கைகால்களை மெதுவாக மடக்கி நீட்டினர். மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் பால் குடிக்காமலே இவர்களின் நிறை நாளாந்தம் 47 வீதம் அதிகமாக ஏறியது. ஆறு நாள் முந்தியே வீடு திரும்பினர். அளவான அழுத்தம் இரைப்பையை இயக்கும் நரம்பைத் தூண்டுவதால் பால் நன்றாகச் செரிக்கிறது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

வைத்தியரோ தாதியோ அனுமதித்த பின்னரே தொடங்க வேண்டும். மூச்சுத் திணறலோ கிருமித் தொற்றோ உள்ள பிள்ளைக்கு இது ஏற்றதல்ல. கையை நன்றாகக் கழுவி, சூடாக்கிக்கொண்டு, தலையிலிருந்து முதுகு, கால் வரை மெதுவாகத் தடவலாம். இறகுபோலத் தொட்டால் பிள்ளைக்குக் கூச்சமே உண்டாகும், அழுத்தியும் பிடிக்கக்கூடாது. நிறம் மாறினால், விக்கல் எடுத்தால், விரல்களை விரித்து நெளிந்தால் உடனே நிறுத்துங்கள்.

எமது ஊர்களில் பிள்ளைக்கு எண்ணெய் தடவிக் குளிப்பாட்டும் வழக்கம் உண்டு. ஆனால் மூக்கைப் பிடித்துவிடுவதும், தலையை அழுத்துவதும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும் குறைமாதப் பிள்ளைக்கு ஆபத்து. தடவுவதற்கு எண்ணெய் வேண்டுமா என்பதையும் வைத்தியரிடமே கேளுங்கள். தடவுதல் தாய்ப்பாலுக்கோ மருந்துக்கோ பதிலாகாது.

நெஞ்சோடு அணைத்தல்

இன்கியூபேட்டர் போதாத நிலையில், 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்ற வைத்தியர், பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்து வைக்கும் முறையைத் தொடங்கினார். அதுவே கங்காரு முறை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதனை நாளுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை செய்யப் பரிந்துரைத்தது. இதற்குத் தேவை தாயின் உடற்சூடும் நேரமும்தான்.

அந்த நேரம்தான் எமது பெண்களிடம் இல்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கான பயணம் இலகுவாயிற்று. ஆனாலும் வீட்டில் மூத்த பிள்ளைகள், மாடு, அன்றாடக் கூலி என்று அவளை இழுப்பவை பல. ஆகவே குறைமாதப் பிள்ளை பிறந்த வீட்டைத் தேடி மாதர் சங்கத்தினர் போகட்டும். மூத்த பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்து, தாயின் பஸ் செலவுக்கு உதவுவோம். அவள் வைத்தியசாலையில் தங்க முடிந்தால்தான் அவள் கை பிள்ளைக்கு மருந்தாகும்.