போனவளும் இருந்தவளும்

போர் மூண்டிடுகிறது! ஆளவந்தார் ஆணையிடுகின்றனர், பீரங்கிகள் முழங்குகின்றன. அடுப்படியிலே நிற்கும் பெண்ணிடம் எவரேனும் ஒப்புதல் கேட்டதுண்டா? இல்லை! ஆனால், "போகிறாயா, இருக்கிறாயா?" என்ற கேள்வி மட்டும் அவள் வீட்டு வாசலிலே வந்து நிற்கிறது. போனால், "ஓடிவிட்டாள்" என்பர். இருந்தால், "பிள்ளையைப் பற்றிக் கவலையில்லையா?" என்பர்.

2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படை பெருமளவில் உக்ரைனுக்குள் புகுந்தது. 18 முதல் 60 வயது வரையுள்ள ஆடவர், சிலர் நீங்கலாக, நாட்டைவிட்டு வெளியேறக் கூடாதென்று உக்ரைன் அரசு அன்று தடை போட்டது. எல்லையிலே குடும்பங்கள் பிரிந்தன. தந்தை இப்புறம், தாயும் சேயும் அப்புறம்! வெளியேறியோர் பல லட்சம். அவர்களிலே மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். போலந்து நாட்டு எல்லையோர ரயில் நிலையமொன்றிலே, அவர்களுக்காகக் குழந்தை வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்தனர், அந்நாட்டு மக்கள்.

ஏன் போனாள்? அந்த மார்ச் 9-ஆம் நாள், மரியுபோல் நகரிலே மகப்பேறு மருத்துவமனையே தாக்கப்பட்டது. பிள்ளை பிறக்கும் இடத்துக்கே பாதுகாப்பில்லை! பெற்றவள் வேறென்ன செய்வாள்?

ஏன் இருந்தாள்? படுக்கையிலே கிழத்தாய், மருத்துவமனையிலே நோயாளி, போர்முனையிலே கணவன். சிலருக்கோ, போக வழியுமில்லை, கையிலே காசுமில்லை. நாட்டைக் காப்போம் என்று படையிலே சேர்ந்த பெண்களும் பல்லாயிரவர்.

பாட்டாளித் தோழனே, இதையும் கேள்! நிலக்கரிச் சுரங்கத்தின் ஆடவர் பலர் போர்முனைக்குப் போயினர். நிலத்தடியிலே பெண்கள் வேலை செய்யக் கூடாதென்றிருந்த தடையைப் போர் தளர்த்தியது. பெண்கள் இறங்கினர், கரி வந்தது. நேற்றுவரை "உன்னாலாகாது" என்றனரே, இன்று எப்படி ஆயிற்று? வலிமை நேற்றும் இருந்தது, வாய்ப்புத்தான் இல்லை!

மகனைக் களத்துக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாயை மேடைதோறும் புகழ்கிறோம். புகழ்வோம்! ஆனால், மகனைத் தோளிலே சுமந்து எல்லை கடந்தவளைக் கோழை என்னாதே. இருந்தவளைக் கல்நெஞ்சக்காரி என்னாதே. இருவரும் சுமந்தது குடும்பத்தின் பாரம். இருவர்மீதும் அதை ஏற்றியது போர்.

தீர்ப்புக் கூற வேண்டுமா? கூறு. போனவள்மீதல்ல, இருந்தவள்மீதல்ல, அவளைக் கேளாமலே போரைத் தொடுத்தவன்மீது!