ஒரு சார்ஜரும் நாலு கருவிகளும்

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவைத் தாண்டி மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் மேற்கே போனால், பூந்தமல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். அந்த வழியில்தான் ஸ்ரீபெரும்புதூர். அங்கே நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் நிறுத்தியது. நோக்கியா கொடிகட்டிப் பறந்த காலத்தில் அதற்கே தடித்த பின், மெல்லிய பின் என்று இரண்டு வகைச் சார்ஜர். வீட்டில் யாராவது வேறு கம்பெனி போன் வைத்திருந்தால் மூன்றாவது. ஊருக்குக் கிளம்பினால் ஒயர்களுக்கென்றே ஒரு பை வேண்டியிருந்தது. பூட்டிக் கிடந்த அந்த ஆலையை வாங்கப்போவதாக 2019-இல் செய்தி வந்தது. வாங்கியது சால்காம்ப் என்ற பின்லாந்து வழி நிறுவனம்; அதன் தொழிலே சார்ஜர் செய்வது. இந்த வழியிலேயே சார்ஜர்கள் உருவாகின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதைவிட வியப்பானது, இன்றைய சார்ஜர் ஒன்றின் உள்ளே நடப்பது.

இப்போது எல்லாவற்றுக்கும் டைப்-சி. 2014-இல் வந்த இந்த வடிவத்துக்கு 2023-இல் ஐபோனும் மாறியது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய செல்போன்களுக்கு இது சட்டப்படி கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இதற்கான தரத்தை வெளியிட்டிருக்கிறது. ஆனால் வாய் ஒன்றானது பாதி வேலைதான். இயர்பட்ஸ் பெட்டிக்கு 5 வோல்ட் போதும். லேப்டாப்புக்கு 20 வோல்ட் வேண்டும். அந்த 20 வோல்ட் இயர்பட்ஸுக்குள் பாய்ந்தால் அது பொசுங்கிப் போகும். ஒரே வாய், ஒரே கேபிள். எப்படி ஒன்றும் பொசுங்குவதில்லை?

டைப்-சி துவாரத்தின் நடுவே உள்ள மெல்லிய நாக்கில் மேலே 12, கீழே 12 என 24 தொடுமுனைகள் உண்டு. அவற்றில் இரண்டுக்கு வேலை, எதிரே யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பது. சார்ஜரின் டைப்-சி துவாரம் சும்மா இருக்கும்போது அதில் 5 வோல்ட்கூட இருக்காது. கருவிக்குள் மணல் பொடி அளவில் ஒரு மின்தடை இருக்கிறது, மதிப்பு 5.1 கிலோ ஓம். விசாரிக்கும் முனையில் அந்த மின்தடை தட்டுப்பட்டால்தான் சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். எந்த முனையில் தட்டுப்பட்டது என்பதை வைத்தே பின் நேராகச் செருகியிருக்கிறதா, தலைகீழாகவா என்றும் தெரிந்துகொள்ளும். மலிவான டிரிம்மர், டார்ச் சிலவற்றில் காசு மிச்சம் பிடிக்க இந்த மின்தடையை விட்டுவிடுகிறார்கள். இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் அவை சார்ஜ் ஆகவே ஆகாது. பழைய செவ்வக யு.எஸ்.பி. துவாரத்தில் செருகினால் ஆகும். அந்தத் துவாரத்தில் 5 வோல்ட் எப்போதும் காத்திருக்கும், யாரையும் கேட்காது. ஊருக்கு எடுத்துப் போகும் சார்ஜரில் அப்படி ஒரு துவாரமும் இருக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கதவு திறந்த பிறகு பேச்சு தொடங்குகிறது. ‘பவர் டெலிவரி’ என்ற முறைப்படி, தன்னால் தர முடிந்த 5, 9, 15, 20 வோல்ட் அளவுகளைச் சார்ஜர் பட்டியலாக அனுப்பும். கருவி தனக்கு வேண்டியதைக் கேட்கும். சார்ஜர் சம்மதித்து, வோல்ட்டை ஏற்றி, ‘தயார்’ என்று சொன்ன பிறகே கருவி முழு மின்சாரத்தை இழுக்கும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில். தொடர்ந்து பேசியபடியே 20 மில்லிவோல்ட் படிகளில் கூட்டிக் குறைக்கும் சார்ஜர்களும் உண்டு.

இரண்டாவது கருவியைச் செருகும்போது இந்தப் பேச்சை நம் கண்ணாலேயே பார்க்கலாம். 65 வாட் சார்ஜரில் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த துவாரத்தில் போனைச் செருகுங்கள். லேப்டாப்பின் சார்ஜ் குறி ஒரு கணம் அணைந்து திரும்ப வரும். பழுது என்று பயந்து பிடுங்க வேண்டாம். பந்தியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்ததும், எல்லார் இலையையும் எடுத்துவிட்டு மறுபடி பரிமாறுவது போல, சார்ஜர் கணக்கைப் புதிதாகப் போடுகிறது. பல சார்ஜர்களில் லேப்டாப்புக்கு 45 வாட், போனுக்கு 20 வாட் என்று பிரியும்.

எல்லாச் சார்ஜரும் இவ்வளவு நியாயமாகப் பிரிப்பதில்லை. சிலவற்றில் இரண்டு துவாரங்களுக்கும் உள்ளே ஒரே மின்மாற்றுச் சுற்று. இரண்டிலும் செருகிவிட்டால் இரண்டும் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பல லேப்டாப்கள் அதைத் தொடவே தொடாது. வாங்கும்போது அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்டை விடுங்கள். சார்ஜரின் அடிப்புறம் பொடி எழுத்தில், இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு என்று தனி வரியாக இருக்கும். அதைத்தான் படிக்க வேண்டும். பக்கத்திலேயே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தர எண்ணும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேபிளுக்கும் இதில் பங்கு உண்டு. 3 ஆம்பியருக்கு மேல் போக வேண்டுமானால், என்னால் 5 ஆம்பியர் தாங்க முடியும் என்று சொல்லும் சிறு சில்லு கேபிளுக்குள் இருக்க வேண்டும். இல்லாத கேபிளில், 100 வாட் சார்ஜரே ஆனாலும் 60 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும்.

நாலு பேர், ஒரு சார்ஜர் என்றால் முறை வைப்பதிலும் அறிவியல் இருக்கிறது. லித்தியம் பேட்டரி காலியாக இருக்கும்போதுதான் வேகமாகக் குடிக்கும். 80 சதவீதத்தைத் தாண்டினால் மெதுவாகச் சொட்டும். அப்போது சார்ஜரின் திறனில் பெரும்பகுதி பயன்படாமல் கிடக்கும். ஒரு போனை நூறு வரை ஏற்றிவிட்டு அடுத்ததைச் செருகுவதைவிட, ஒவ்வொன்றையும் அறுபது, எழுபதில் எடுத்து மாற்றினால் அதே நேரத்தில் எல்லார் கையிலும் உயிருள்ள போன் இருக்கும். ரயிலில் இது ரொம்ப உதவும். தீ விபத்தைத் தவிர்க்க, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளின் சார்ஜிங் பாயிண்ட்டுகளை நிறுத்திவைக்கும் நடைமுறை இருக்கிறது. 2021 மார்ச்சில் மேற்கு ரயில்வே இதை அமல்படுத்தியது செய்தியானது. ஆகவே சாயங்கால ரயில் கிளம்பியதும் முதல் வேலையாக, எந்தப் போனில் சார்ஜ் மிகக் குறைவு என்று பார்த்து அதைச் செருகுங்கள்.