பாட்டியின் முகமும் ஓர் எல்இடி விளக்கும்

“என்னாயா தம்பி, உசுரோட இருக்கறப்பவே என்னைப் பொணமாட்டம் எடுத்து வச்சிருக்க?”

மடிக்கணினித் திரையில் தம் முகத்தைக் கண்டதும் பாட்டி கேட்ட கேள்வி இது. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே, தகரக்கூரை வேய்ந்த வீடு. பால்மரக் காட்டில் உழைத்த முதியோரின் நினைவுகளைக் காணொளியாகப் பதிவு செய்யும் பணியை எங்கள் பேரவை அப்போது தொடங்கியிருந்தது. படப்பதிவுக் குழுவுக்கு நான் பொறுப்பு.

அன்று பாட்டி இரண்டு மணி நேரம் பேசினார். விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனதைச் சொன்னார். காய்ச்சலில் துடித்த தம் தலைப்பிள்ளையை இரவோடு இரவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்காமல் போனதையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒலி தெளிவாகப் பதிவாகியிருந்தது, காட்சியமைப்பிலும் குறையில்லை. ஆனால் பாட்டியின் முகம் சாம்பல் பூத்துப் பச்சை பாய்ந்திருந்தது. நெற்றியில் இருந்த குங்குமம் காய்ந்த மண்ணின் நிறத்தில் தெரிந்தது.

குற்றம் கேமராவுடையது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, குற்றம் நான் தேர்ந்தெடுத்த விளக்குடையது என்று. நூறு ரிங்கிட்டுக்கும் குறைவான விலை, பெட்டியின்மேல் ‘அதிக வெளிச்சம்’ என்ற பெரிய எழுத்து. இவ்விரண்டையும் பார்த்து வாங்கிய எல்இடி விளக்கு அது. அந்தத் தவற்றுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். குறும்படம் எடுக்கும் நண்பர்களுக்கும், நம் பேரவையின் அடுத்த செயலவைக்கும் இது பயன்படும் என நம்புகிறேன்.

முதன்மை விளக்கு எது?

ஒருவரை நேர்காணல் செய்யும்போது பொதுவாக மூன்று விளக்குகளைப் பயன்படுத்துவர். முகத்துக்கு உருவம் கொடுப்பது முதன்மை விளக்கு. படப்பிடிப்புக் குழுவினர் இதைக் ‘கீ லைட்’ என்பார்கள். அதனால் விழும் நிழலைச் சற்றுத் தணிப்பது நிரப்பு விளக்கு. தலைக்கும் தோளுக்கும் பின்னாலிருந்து விளிம்பு காட்டுவது பின்விளக்கு.

மூன்றையும் வாங்க வசதியில்லையா? கவலை வேண்டாம். பணம் முழுவதையும் முதன்மை விளக்குக்கே ஒதுக்குங்கள். நிரப்பு விளக்கின் வேலையை ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகை செய்துவிடும். பின்விளக்கு இல்லாமலும் நல்ல நேர்காணல் எடுக்கலாம். ஆனால் முதன்மை விளக்கு மோசமாக இருந்தால் அதை ஈடுசெய்ய எதுவுமில்லை.

வெள்ளை ஒளிக்குள் என்ன இருக்கிறது?

இது எனக்கு முன்பு தெரியாதிருந்த செய்தி. நம் கண்ணுக்கு எல்லா வெள்ளை ஒளியும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு.

பழைய ஆலசன் விளக்கில் சூடேறிய இழை ஒளிர்கிறது. அதன் ஒளியில் நீலத்திலிருந்து சிவப்புவரை எல்லா நிறங்களும் இடைவெளியின்றி உள்ளன. சிவப்பு தாராளமாகவே உண்டு. எல்இடி அப்படியன்று. பெரும்பாலான வெள்ளை எல்இடிகள் உண்மையில் நீல எல்இடிகளே. நீல ஒளியின் ஒரு பகுதியை, மேலே பூசப்பட்ட பாஸ்பர் என்னும் ஒளிர்பொருள் மஞ்சளாக மாற்றுகிறது. நீலமும் மஞ்சளும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் கலவையை வரைபடமாகப் போட்டால், 450 நானோமீட்டர் பக்கம் நீலம் கோபுரம்போல் நிற்கும். நடுவில் மஞ்சள் ஒரு குன்று. அதற்கப்பால் ஆழ்ந்த சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் சரிவு. தரமான விளக்குகளில் சிவப்பை ஈடுசெய்யும் ஒளிர்பொருளையும் சேர்ப்பார்கள். மலிவானவற்றில் அதைக் குறைத்துவிடுவார்கள். காரணம் எளிது: கண்ணுக்குச் சிவப்பைவிட மஞ்சளும் பச்சையும் அதிக வெளிச்சமாகத் தெரியும். சிவப்பைக் குறைத்தால், அதே மின்சாரத்துக்கு அதிக வெளிச்சம் என்று பெட்டியில் அச்சிடலாம்.

இதற்கும் பாட்டியின் முகத்துக்கும் என்ன தொடர்பு? தோலில் உள்ள மெலனின், நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் உறிஞ்சுகிறது. தோலுக்கடியில் ஓடும் இரத்தமும் சிவப்பையே அதிகம் திருப்பியனுப்புகிறது. நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலிலிருந்து கேமராவுக்குத் திரும்பும் ஒளியே கொஞ்சம். அதிலும் பெரும்பங்கு சிவப்பின் பக்கத்தது. விளக்கில் சிவப்பே இல்லையென்றால் தோல் எதைத் திருப்பியனுப்பும்?

நான் கணினியில் திருத்தப் பார்த்தேன். சிவப்பைக் கூட்டினால் முகத்தோடு வெள்ளைச் சுவரும் ரோஜா நிறமாயிற்று. பச்சையைக் குறைத்தால் பாட்டியின் வெள்ளை முடி ஊதாவாயிற்று. மூன்று இரவுகள் விழித்தும் குங்குமம் குங்குமமாகவில்லை. விளக்கு கொடுக்காத நிறத்தைக் கணினி கொடுக்காது என்பதை அப்போது உணர்ந்தேன்.

ஒரு பழைய கதை

தோலின் நிறத்தைப் படக்கருவிகள் சரியாகக் காட்டாதது புதிய குறையன்று. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களைக் கழுவும் கடைகளுக்கு ஒரு மாதிரி அட்டையைப் பல்லாண்டுகள் அனுப்பி வந்தது. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இருப்பார். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவருடைய தோல் அழகாக வந்தால் நிறம் சரி என்று பொருள். கறுப்பினத்தாரின் முகம் இருண்டு போவதைப் பற்றி அந்த அட்டைக்கு அக்கறையில்லை. பல இனப் பெண்கள் ஒன்றாக அமர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது.

விளக்கு வாங்கும்போதும் நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: இது யாருடைய முகத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது?

பெட்டியிலுள்ள எண்களைப் படிப்போம்

நிறத்தரத்தைக் குறிக்க விளக்குப் பெட்டியில் பெரும்பாலும் சி.ஆர்.ஐ. என்ற எண் இருக்கும். 100 என்பது முழு மதிப்பெண். ஆனால் இந்த எண்ணில் ஓர் ஓட்டை உண்டு. பொதுவாக அச்சிடப்படும் மதிப்பு, எட்டு வெளிர்நிற மாதிரிகளின் சராசரி மட்டுமே. அடர்சிவப்பு ஒன்பதாவது மாதிரி. அது சராசரியில் சேராது. ஆகவே சி.ஆர்.ஐ. 80-ஐத் தாண்டிய ஒரு விளக்கில், சிவப்புக்குரிய ‘ஆர் 9’ சுழியத்தை ஒட்டியிருக்கலாம். சுழியத்துக்குக் கீழேயும் போகலாம். எட்டுப் பாடங்களில் தேறி, நமக்கு வேண்டிய ஒன்பதாவது பாடத்தில் தோற்ற மாணவனைப் போன்றது அது.

எனவே சி.ஆர்.ஐ. 95-க்கு மேல் இருக்கட்டும். ஆர் 9 தனியாக 90-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கட்டும். ஆர் 9 மதிப்பை எங்குமே குறிப்பிடாத விளக்கு என்றால் சற்றுச் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு எண் டி.எல்.சி.ஐ. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2012-இல் பரிந்துரைத்த அளவுகோல் இது. சி.ஆர்.ஐ. மனிதக் கண்ணை வைத்துக் கணக்கிடுகிறது. இதுவோ தொலைக்காட்சிக் கேமராவை வைத்துக் கணக்கிடுகிறது. நம் வேலைக்கு இதுவே பொருத்தம். 85-க்கு மேலிருந்தால் நிறத்தைத் திருத்தவேண்டிய தேவை அநேகமாக இராது. 50-க்கும் 75-க்கும் இடைப்பட்டால் திருத்தியே ஆகவேண்டும். அதற்கு நேரமும் அதிகம் பிடிக்கும். அந்த மூன்று இரவுகளை நினைத்துக்கொள்கிறேன்.

வெளிச்சத்தின் அளவு

வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதைக் காட்டும் கணக்கு. முகத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது லக்ஸ். அதையும் எத்தனை மீட்டர் தூரத்தில் அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். தூரம் இருமடங்கானால் ஒளி கால்பங்காகிவிடும்.

நேர்காணலுக்கு எவ்வளவு தேவை? ஐ.எஸ்.ஓ. 800, துவாரம் எஃப் 4, ஷட்டர் 1/50 என்று வைத்தால், முகத்தில் ஏறக்குறைய 250 லக்ஸ் போதும். மென்துணிப் பெட்டி எனப்படும் சாஃப்ட்பாக்ஸை மாட்டினால் ஒளியில் பாதிக்கு மேலும் குறையலாம். அதையும் கணக்கில் சேர்த்து வாங்குங்கள். கடும் வெயிலோடு போட்டியிடத் தேவையில்லாத வீட்டுக்குள் 60 வாட் நல்ல விளக்கு ஒன்றே பெரும்பாலும் போதுமானது.

கருநிற முகம் என்றால் வெளிச்சத்தை அள்ளிக் கொட்டவேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். அப்படிச் செய்தால் வெள்ளைச் சேலை வெளுத்துப் போகும்; நெற்றியும் மூக்கும் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். வேண்டியது பெரிய, மென்மையான ஒளி. கருநிறத் தோலின் அழகு அதன்மேல் படரும் பளபளப்பில் இருக்கிறது. சிறிய விளக்கு அதைப் புள்ளியாக்கும். பெரிய விளக்கு அதைக் கன்னம் முழுவதும் பரப்பும். ஒளியின் மென்மையைத் தீர்மானிப்பது விளக்கின் பரப்பளவும் தூரமும்தான். 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை முகத்திலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டரில், பக்கவாட்டில் 45 பாகை சாய்த்து, கண்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்துப் பாருங்கள். அதே பெட்டியை அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோனால் அது சிறிய விளக்காகிவிடும்.

இதனால்தான் பலகைபோன்ற எல்இடியைவிட, ஒரே சில்லில் ஒளி குவியும் ‘சி.ஓ.பி.’ வகையை நான் விரும்புகிறேன். அதில் சாஃப்ட்பாக்ஸை மாட்டுவது எளிது. பவன்ஸ் வகைப் பூட்டு உள்ளதா என்று கேளுங்கள். பவன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2017-இல் மூடப்பட்டது. ஆயினும் அதன் பூட்டு பல நிறுவனங்களின் பொதுப்பூட்டாக நிலைத்துவிட்டது.

வாங்கும் முன் செய்யவேண்டிய சோதனைகள்

கடைக்குப் போகும்போது கொஞ்சம் குங்குமமும் ஒரு சிவப்புத் துணியும் எடுத்துச் செல்லுங்கள். சிரிக்காதீர்கள், எந்தப் பெட்டியும் சொல்லாததை அவை சொல்லும்.

முதலாவது, கேமராவின் வெண்மைச் சமநிலையை 5600 கெல்வினில் நிறுத்துங்கள். குங்குமம், துணி, உங்கள் கை ஆகிய மூன்றையும் பகல்வெளிச்சத்தில் எடுங்கள். பிறகு விளக்கையும் 5600 கெல்வினில் எரியவிட்டு எடுத்து ஒப்பிடுங்கள். சிவப்பு மங்கினால் அந்த விளக்கு வேண்டாம்.

இரண்டாவது, வெளிச்சத்தைக் குறைத்து, ஷட்டரை 1/1000-க்கு உயர்த்திப் பதிவு செய்யுங்கள். திரையில் கோடுகள் ஓடினால் விளக்கு சிமிட்டுகிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அறையிலுள்ள மற்ற விளக்குகளுக்காகவும் 25 சட்டகம், 1/50 ஷட்டர் என்பதே பாதுகாப்பான அமைப்பு.

மூன்றாவது, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு விளக்கின் விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். முதியவர்கள் மெல்லப் பேசுவார்கள்.

நான்காவது, மின்கலத்தில் எரியுமா என்று பாருங்கள். 98 வாட்-மணி மின்கலத்தில் 60 வாட் விளக்கு ஒன்றரை மணி நேரம் எரியும். நேரடி மின்சாரத்துக்கு, மூன்றுமுனைச் செருகியும் சிரிம் முத்திரையும் உள்ள அடாப்டரையே வாங்குங்கள்.

வெப்பநிறத்தை மாற்றவல்ல இருநிற விளக்கு வேண்டுமா என்று கேட்பீர்கள். சன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பவருக்கு ஒருநிறம் போதும். வீடுவீடாகப் போகும் எங்களைப் போன்றோருக்கு இருநிறமே கைகொடுக்கும். எதுவானாலும், பதிவின்போது கூரையிலுள்ள குழல்விளக்கை அணைத்துவிடுங்கள்.

மீண்டும் பாட்டி வீட்டில்

ஒன்றரை மாதம் கழித்து, வாடகைக்கு எடுத்த நல்ல விளக்கோடு மீண்டும் போனோம். பாட்டி புதுச்சேலை உடுத்தியிருந்தார். திரையில் தம்மைப் பார்த்து, “இப்பத்தான்யா நானு நானா இருக்கேன்,” என்று சிரித்தார். குங்குமம் சிவந்திருந்தது. மரம் சீவிய கதையை மீண்டும் சொன்னார். பிள்ளையின் கதையைக் கேட்டபோது மட்டும் தலையசைத்தார்.

“ஒரு தடவ சொல்லியாச்சு தம்பி. அதையே திருப்பிச் சொன்னா வெறுங் கதையாப் போயிரும்.”

நாங்கள் வற்புறுத்தவில்லை. ஆகவே எங்கள் தொகுப்பில் பாட்டி சிரிக்கும் முகம் உயிரோடு இருக்கிறது. அழுத முகம் சாம்பலாக இருக்கிறது. கருப்பு வெள்ளையாக மாற்றிவிடலாமே என்றார் மூத்த மாணவர் ஒருவர். அப்படியே செய்தோம். பார்ப்பவர்கள் அதை ஓர் உத்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த செயலவைத் தம்பி தங்கைகளே, விளக்கு வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். நம் முதியோர் ஒருமுறைதான் மனம் திறப்பார்கள். அந்த ஒருமுறைக்கு நம் விளக்கு ஆயத்தமாக இருக்கட்டும்.