விரற்பலகைக்கு எந்த எண்ணெய்?

தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சி, முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைச் சுரக்குறிப்புடன் அச்சேற்றிய சுந்தரமய்யரால் இசையுலகில் நிலைத்த ஊர். தீட்சிதர் வாசித்த வீணையில் மெட்டுகள் மரத்தில் பதிவதில்லை. தேன்மெழுகில் கரி கலந்து அமைத்த மேடையின் மேல் 24 மெட்டுகளும் நிற்கின்றன. ஆதலால் அங்கே எண்ணெய் தொட்டுக்கொள்வது மரத்துக்காக அன்று, தந்தியில் வழுக்கிச் செல்லவேண்டிய விரலுக்காக.

கிட்டாரில் நிலைமை வேறு. அதன் கழுத்தின் மேல் ஒட்டப்பட்ட மெல்லிய பலகையே விரற்பலகை. மெட்டுகள் அதில் அறுத்த பள்ளங்களில் நேரே அறையப்பட்டிருக்கின்றன. ஈட்டி, கருங்காலி ஆகிய மரங்களில் செய்த பலகைக்குப் பெரும்பாலும் வார்னிஷ் பூசுவதில்லையாதலால், அது காற்றின் ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டிருக்கிறது. கோடையில் மரம் குறுக்கே சுருங்க, சுருங்காத உலோக மெட்டின் முனை நூலளவு வெளியே நீட்டிக்கொண்டு, ஏறி இறங்கும் கையை உராய்கிறது. எண்ணெய் இச்சுருக்கத்தைத் தடுத்துவிடாது. ஈரம் போய்வரும் வேகத்தைச் சற்றே குறைக்கும், படிந்த அழுக்கைத் தளர்த்தும், வெளிறிய நிறத்தை மீட்கும். மரத்துக்கு எண்ணெய் உணவு என்னும் பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

அப்பளத்துக்குப் பெயர்பெற்ற கல்லிடைக்குறிச்சியின் அடுக்களைகளில் நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. விரலுக்கு ஆகும் எண்ணெய் மரத்துக்கும் ஆகும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் விரலிலிருந்து அது அன்றே கழுவப்படுகிறது, மரத்தின் நுண்துளைகளிலோ மாதக்கணக்கில் தங்குகிறது. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கும் என்பதை அயோடின் எண் என்பர். அது உயர உயர, எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும் இயல்பும் கூடும். ஏறத்தாழ 10 கொண்ட தேங்காயெண்ணெய் இறுகாது, எனினும் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஏறத்தாழ 110 கொண்ட நல்லெண்ணெய் அரைகுறையாக இறுகிப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். 170-க்கு மேற்பட்ட ஆளிவிதை எண்ணெய் முழுதும் இறுகிப் படலமாவதால் கைவினைஞர் சிலர் அதை விரும்புவர். ஆயினும் அதில் நனைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால் வீட்டுக்கு உகந்ததன்று.

எஞ்சுவது, பெட்ரோலியத்திலிருந்து தூய்மைப்படுத்தி எடுக்கும், மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று கிடைக்கும் கனிம எண்ணெய். இது இறுகுவதும் இல்லை, கெடுவதும் இல்லை. கிட்டார் கடைகளில் விற்கும் லெமன் ஆயிலிலும் பெரும்பாலும் இருப்பது இதுவே. எலுமிச்சை மணம் மட்டும் சேர்ந்திருக்கும். தந்திகளைக் கழற்றி, துணியில் நான்கைந்து சொட்டு விட்டுத் தடவி, பத்து நிமிடம் கழித்து மரத்தில் ஈரமே தெரியாதபடி துடைத்துவிட வேண்டும். வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகைக்கு எண்ணெய் தேவையில்லை. ஈட்டிப் பலகைக்கும் பங்குனி வெயில் ஏறுமுன் ஒரு முறை பூசினால் போதும். ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரமாயிருக்க, அந்தப் புட்டியைத் திறக்க வேண்டியதில்லை.