வேலியோரத்துக் காய்கள்

கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டி போன்ற மலையூர்களில் உருளைக்கிழங்குச் செடி பூத்து ஓய்ந்ததும் சில செடிகளில் காய் பிடிக்கும். பச்சையாக, உருண்டையாகக் கொத்தாய்த் தொங்கும். பார்ப்பவர்கள் தக்காளிப் பிஞ்சு என்றே சொல்வார்கள். கிழங்கை மட்டுமே எண்ணிப் பாடுபடும் நாம் அதைக் கவனிப்பதில்லை. பாத்தி ஓரத்தில் விளையாடும் மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே இருப்பதோ அதுதான்.

அந்தக் காயில் சோலனின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்றால் வாந்தி, வயிற்றுவலி, பேதி, தலைவலி வரும். அளவு கூடினால் நரம்பையும் தாக்கும். பழுத்தாலும் அது தக்காளிபோலச் சிவக்காது, நஞ்சும் போகாது.

வீட்டு முற்றத்தில் மரத்தக்காளி காய்க்கிறது. வேலியோரம் மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் முளைக்கின்றன. எல்லாம் கத்திரிக் குடும்பம்தான். மணத்தக்காளிப் பழத்தை அம்மாவே பறித்து ஊட்டுகிறாள். பக்கத்துச் செடியின் காயைத் தொட்டால் அடி விழுகிறது. பிள்ளைக்கு என்ன புரியும்? "எதையும் வாயில் வைக்காதே" என்ற மிரட்டல் மலையில் செல்லாது. செடியைக் காட்டி, பேர் சொல்லி, "வீட்டில் காட்டிவிட்டுத்தான் தின்னணும்" என்று பழக்குவதே நடக்கிற காரியம். சொன்னால் புரியும் வயது வராத குழந்தை இருக்கும் வீட்டில், உருளைக் காயைக் கண்டவுடன் கிள்ளிப் புதைத்துவிடுங்கள். கிழங்குக்கு அதனால் நஷ்டமில்லை.

அழகுக்காக வைத்த செடிகளும் உண்டு. எக்காளம்போல் கீழ்நோக்கித் தொங்கும் பெரிய பூக்கள் கொடைக்கானல் வேலிகளில் சாதாரணம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி ஊமத்தைக்குத் தாயாதி. பூ, இலை, விதை எல்லாமே நஞ்சு. தின்ற பிள்ளைக்கு வாய் வறளும், முகம் சிவக்கும், கண்மணி விரியும், பேச்சு உளறும். எதையோ கண்டு பயந்துவிட்டான் என்று திருநீறு பூசிக் காத்திருக்க வேண்டாம். உண்ணிச்செடியின் பச்சைக் காயும் ஆகாது. அடிவாரம் இறங்கினால் காட்டாமணக்கு. அதன் கொட்டை தின்னச் சுவையாக இருப்பதால், பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்தப் பழனி மலையின் செடிகொடிகளை ஏசு சபைத் துறவி கே.எம். மேத்யூ தொகுத்து 1999-இல் பெரும் நூலாகவே வெளியிட்டார். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அட்டுவம்பட்டியிலேயே இருக்கிறது. இத்தனை அறிவு அருகில் இருக்கும்போது, இந்த ஊர் வேலிகளில் எது ஆகும், எது ஆகாது என்று காட்டும் ஒரு வண்ணப்படம் ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும் தொங்க வேண்டாமா? கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது.

பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீரோ புளித்தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல் சிறு குழந்தைக்குத் தனி ஆபத்து. வாந்தி மூச்சுக்குழாயில் ஏறினால் இன்னும் மோசம். வாயில் மிச்சமிருப்பதை விரலால் எடுத்து, கொப்பளிக்க வையுங்கள். 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117, இரவிலும் எடுப்பார்கள். நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். குன்றிமணி போன்றவற்றின் நஞ்சு பல மணி நேரம் கழித்துத்தான் வேலை காட்டும். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது காயோடும் இலையோடும் ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் தின்றான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.