மணலைப் பார்க்கும் கேமராக்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை ஒரு கை அள்ளி வெயிலில் பார்த்தால் கறுப்பு, சிவப்பு, தேன்நிற மணிகள் தனித்தனியே மின்னும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், தேன்நிறம் தோரியம் பொதிந்த மோனசைட். திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இந்த மோனசைட்டை அடையாளம் கண்டார். அன்றிலிருந்து இந்தக் கரைக்கு விலை சொன்னவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள்.

2010-இல் மதுரையிலிருந்து வந்த ஆர்.பி. அமுதனுக்கு மணல் தேவைப்படவில்லை. ‘கதிர்வீச்சுக் கதைகள்’ ஆவணப்பட வரிசையின் முதல் பாகத்தை அவர் எடுத்தது இங்கேதான். கல்பாக்கமும் கூடங்குளமும் பிறகு வந்தன. அங்குள்ள கனிம மணல் ஆலையை ஒட்டி வாழ்பவர்கள் தங்கள் நோய்நொடிகளைத் தங்கள் பேச்சிலேயே சொல்கிறார்கள். எந்த நோய்க்கு எது காரணம் என்று மருத்துவ ஆய்வுதான் சொல்ல முடியும். ஆனால், கோப்புகளில் வெறும் ‘பகுதிவாசிகள்’ ஆகிவிடுகிறவர்கள் இந்தப் படத்தில் முகத்தோடும் குரலோடும் வருகிறார்கள்.

இன்னொரு ஆவணப்பட இயக்குநரான அமர் கன்வரின் வழி வேறு. ஒடிசாவில் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் கையகப்படுத்தக் குறித்து வைக்கப்பட்ட நிலங்களை, அவை பறிபோகும் முன்பே படமெடுத்தார். புல் அசைகிறது, நீர் ஓடுகிறது, விளக்கவுரை கிடையாது. 2012-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமெண்டா கண்காட்சியில் இந்தப் படத்தோடு, கையால் செய்த காகிதப் புத்தகங்களின் மேல் விழும் காட்சிகளும் 250-க்கு மேற்பட்ட நெல்விதை வகைகளும் இடம்பெற்றன. குற்றம் நடந்த இடத்தில் சாட்சியங்களைச் சேகரிப்பது போன்ற வேலை அது.

இந்த இரண்டு வழிகளும் கன்னியாகுமரி மாவட்டத்தின் கருங்கல் ஊர்க்காரர்களுக்குத் தூரத்துச் சமாச்சாரம் அல்ல. கருங்கல் அடங்கிய கிள்ளியூர் தாலுகாவில் மிடாலம், இனயம் புத்தன்துறை, கொல்லங்கோடு பக்கம் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்க மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் திட்டமிட்டது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது.

அப்படிப்பட்ட கூட்டத்தை முழுவதுமாக வீடியோ எடுத்து, அதன் பிரதியை அறிக்கையோடு அனுப்ப வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. மீனவரும் தோப்புக்காரரும் பேசுவதை அரசே பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு. ஆனால், 2025 செப்டம்பரில் மோனசைட் போன்ற அணுசக்திக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்தே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. கூட்டம் இல்லை என்றால் அந்த வீடியோவும் இல்லை. இனி மிடாலத்துக்காரர் சொல்வதைப் பதிவு செய்ய அமுதனைப் போன்றவர்கள்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.