குவைத்தில் போனை எடுத்தால் 75 தினார்: வெளிநாட்டு வேலைக்குப் போறவங்க போட வேண்டிய ஃபைன் கணக்கு



ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் ராத்திரி காய்கறி ஏத்திக்கிட்டு, விடியறதுக்குள்ள கேரளாவில் இறக்கிட்டு, மறுநாள் மதியத்துக்குள்ள திரும்பி வர்ற டிரைவர்கள் நம்ம ஊரில் எத்தனையோ பேர். வண்டி ஓட்டுறதில் அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதே திறமையை நம்பித்தான் நம்ம பக்கத்துப் பசங்க குவைத்துக்கும் துபாய்க்கும் டிரைவராகப் போறாங்க. படிச்சிட்டு ஆபீஸ் வேலைக்குப் போறவங்களும் அங்கே போய் முதலில் வாங்க நினைக்கிறது ஒரு செகண்ட் ஹேண்ட் காரைத்தான்.

போறதுக்கு முன்னாடி எல்லோரும் ஒரு கணக்கு போடுவாங்க. சம்பளம் இவ்வளவு, ரூம் வாடகை, சாப்பாடு, போன் ரீசார்ஜ், மீதி ஊருக்கு. இந்தக் கணக்கில் டிராஃபிக் ஃபைனுக்கு ஒரு வரி இருக்காது. 2025-க்கு முன்னாடி அந்த வரி இல்லாமலேயே பலர் காலத்தை ஓட்டிட்டாங்க. இப்போ அப்படி முடியாது.

குவைத்தில் என்ன மாறுச்சு?

குவைத்தின் டிராஃபிக் சட்டம் 1976-ல் போட்டது. கிட்டத்தட்ட 50 வருஷம் கழிச்சு அதைத் திருத்தி, புது அபராதங்களை 2025 ஏப்ரல் 22 முதல் அமலுக்குக் கொண்டு வந்தாங்க. பழைய தொகையையும் புதுத் தொகையையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க. வண்டி ஓட்டும்போது கையில் போன் இருந்தால் முன்பு 5 தினார், இப்போ 75. சீட் பெல்ட் போடலைன்னா 10 தினார் இருந்தது 30 ஆயிடுச்சு. சிவப்பு சிக்னலைத் தாண்டினால் 50-க்குப் பதில் 150. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கின இடத்தில் வண்டியை நிறுத்தினால் 10 தினார் இருந்தது, ஒரேயடியா 150.

இதெல்லாம் கோர்ட்டுக்குப் போகாமல் கட்டி முடிச்சுக்கிற தொகைதான். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் தொகையும் கூடும், ஜெயிலும் உண்டு.

ஒரு தினார் 280 ரூபாய்னு வச்சுக்குவோம் (தினமும் கொஞ்சம் ஏறி இறங்கும்). 75 தினார்னா 21,000 ரூபாய். ஒரே ஒரு போன் காலுக்கு!

ஆனா ரூபாயில் மாத்திப் பார்க்கிறது சரியான அளவுகோல் இல்லைங்கிறது என் கருத்து. குவைத் சம்பளத்தை வச்சுத்தான் பார்க்கணும். அங்கே தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 75 தினார். வீட்டு வேலை பிரிவுக்கு, அதாவது ஹவுஸ் டிரைவர், சமையல்காரர் எல்லாம் வர்ற பிரிவுக்கு, 2016-ல் வச்ச குறைந்தபட்சம் 60 தினார். பெரும்பாலானவங்க இதைவிடக் கூடத்தான் வாங்குறாங்க. இருந்தாலும் யோசிச்சுப் பாருங்க, ஒரு போன் ஃபைனும் ஒரு மாசக் குறைந்தபட்ச சம்பளமும் ஒரே தொகை. சிக்னல் ஃபைன்னா ரெண்டு மாசச் சம்பளம்.

‘சம்பள நாள்’ கணக்கு

எந்த ஃபைனாக இருந்தாலும், அதைக் கட்ட நீங்க எத்தனை நாள் உழைக்கணும்னு பாருங்க. ஃபைனை மாசச் சம்பளத்தால் வகுத்து 30-ஆல் பெருக்கினால் போதும்.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்களை ஏத்தினாங்க. ஹெல்மெட் இல்லைன்னா 1,000, போன் பேசிக்கிட்டு ஓட்டினால் முதல் தடவை 1,000. திண்டுக்கல்லில் 25,000 சம்பளம் வாங்குறவருக்கு இது ஒரு நாளைச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். புலம்பிக்கிட்டே கட்டிடலாம். குவைத்தில் 120 தினார் வாங்குற ஹவுஸ் டிரைவருக்கு அதே போன் கால் கிட்டத்தட்ட 19 நாள் சம்பளம். துபாயில் 5,000 திர்ஹம் வாங்குற ஒரு அக்கவுண்டன்ட்டுக்கு? அமீரகத்தில் போன் ஃபைன் 800 திர்ஹம், அதாவது அஞ்சு நாள் சம்பளம். கூடவே லைசென்ஸில் 4 பிளாக் பாயின்ட்.

அதே நாடு, அதே ரோடுதான். 1,500 தினார் வாங்குற மேனேஜருக்கும் 75 தினார்தான் ஃபைன். அவருக்கு அது ஒன்றரை நாள். சட்டம் எல்லோருக்கும் சமம், வலி சமம் இல்லை.

ஊரில் கடன் வாங்கிட்டுப் போனவங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கு. நம்ம பக்கத்தில் ரெண்டு வட்டிக்கு, அதாவது நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய்க்கு, 2 லட்சம் வாங்கியிருந்தால் மாச வட்டி 4,000. ஒரு போன் ஃபைன் 21,000, அஞ்சு மாச வட்டியை அது ஒரே நாளில் விழுங்கிடும். அந்த அஞ்சு மாசமும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

போனை எடுத்தாலும் கஷ்டம், எடுக்கலைன்னாலும் கஷ்டம்

ஹவுஸ் டிரைவர் நிலைமையைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். பிள்ளைங்களை ஸ்கூலில் விட்டுட்டுத் திரும்பும்போது முதலாளி வீட்டிலிருந்து போன் வரும். எடுக்கலைன்னா “ஏன் எடுக்கலை?”னு திட்டு. எடுத்தால், ரோட்டில் இருக்கிற ஏஐ கேமரா கையில் இருக்கிற போனையும் பார்க்கும், சீட் பெல்ட்டையும் பார்க்கும். முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் பெல்ட் போடலைன்னாலும் பிடிக்கும். போலீஸ்காரர் நிற்கிறாரான்னு தூரத்திலேயே பார்த்துட்டு போனைக் கீழே வைக்கிற நம்ம ஊர் பழக்கமெல்லாம் அங்கே எடுபடாது.

கேமரா ஃபைன் வண்டி யார் பேரில் இருக்கோ அவங்க பேரில்தான் பதிவாகும். ஓட்டினவருக்கு அது ரெண்டு மாசம் கழிச்சு, சம்பளத்தில் பிடிச்ச பிறகுதான் தெரியவரும். அதனால வேலையில் சேரும்போதே ரெண்டு விஷயத்தைப் பேசி வச்சுடுங்க. ஃபைன் வந்தால் தேதி, நேரம், இடம் இருக்கிற விவரத்தை எனக்குக் காட்டணும். ஓட்டும்போது போன் வந்தால் ஓரமா நிறுத்திட்டுத்தான் கூப்பிடுவேன். இதைக் கேட்கக் கூச்சமா இருக்கும், உண்மைதான். ஆனா 75 தினார் கட்டின பிறகு கேட்கிறதைவிட முதல் வாரத்தில் கேட்கிறது சுலபம். எந்த நாளில் எந்த நேரத்தில் வண்டி உங்க கையில் இருந்ததுன்னு ஒரு சின்ன நோட்டில் எழுதி வச்சுக்கங்க. ஒரே காரை வீட்டில் மூணு பேர் ஓட்டும்போது இந்த நோட்டுதான் உங்களுக்கு சாட்சி.

அமீரகத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறவங்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. தொழிலாளர் சட்டப்படி, பல காரணங்களுக்காகப் பிடிச்சாலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

ஃபைனைவிடப் பெரிய செலவு

வெளிநாட்டில் இருக்கிறவருக்கு ஃபைன் தனியா வராது. லைசென்ஸ், வேலை, விசா, ஊருக்குப் போற டிக்கெட் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருக்கு.

குவைத்தில் வெளிநாட்டவர் லைசென்ஸ் எடுக்கப் பொதுவான நிபந்தனையே 600 தினார் சம்பளம், ஒரு பட்டம், ரெண்டு வருஷம் அங்கே தங்கியிருக்கணும்ங்கிறது. டிரைவர் மாதிரி சில வேலைகளுக்கு இதில் விலக்கு இருக்கு. ஆனா அந்த வேலையை விட்டு வேற வேலைக்கு மாறினால் லைசென்ஸும் போயிடலாம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டினவங்களை நாடு கடத்தவும் செய்யறாங்க. “பக்கத்துக் கடைக்குத்தானே, ஓட்டிட்டு வா”ன்னு யார் சொன்னாலும் சாவியைத் தொடாதீங்க.

2023 ஆகஸ்ட் முதல், ஃபைன் பாக்கி இருக்கிற வெளிநாட்டவர் அதைக் கட்டாமல் குவைத்தை விட்டுக் கிளம்ப முடியாது. ஊரில் தங்கச்சி கல்யாணம்னு வச்சுக்கங்க. டிக்கெட் போட்டாச்சு, நகை வாங்கியாச்சு, கையில் இருந்த காசெல்லாம் செலவாயிடுச்சு. ஏர்போர்ட்டில் 180 தினார் பாக்கின்னு சொன்னால் அந்த ராத்திரியில் யார்கிட்ட கேட்பீங்க?

துபாயில் லாரி ஓட்டப் போறவங்க இதைக் கண்டிப்பா படிங்க. 2023-ல் வந்த ஆணைப்படி, கனரக வாகனம் ஓட்டுற வெளிநாட்டவர் சிவப்பு சிக்னலைத் தாண்டினால் நாடு கடத்தப்படலாம். கார்காரருக்கு 1,000 திர்ஹம் ஃபைன், 12 பிளாக் பாயின்ட். வண்டியைப் பிடிச்சு வச்சா அதை மீட்க 50,000 திர்ஹம். ஒரு திர்ஹம் 24 ரூபாய்னா 12 லட்சம். நம்ம ஊரில் அந்தக் காசுக்குப் புது காரே வாங்கலாம்.

டெலிவரி பைக் ஓட்டுறவங்களுக்கும் 2025 நவம்பர் 1 முதல் துபாயில் புது விதி வந்திருக்கு. ஒரு பக்கம் அஞ்சு லேனும் அதுக்கு மேலும் இருக்கிற ரோட்டில் இடது ஓரத்து ரெண்டு வேக லேனில் போகக்கூடாது. மூணு, நாலு லேன் ரோட்டில் இடது ஓரத்து ஒரு லேன். முதல் தடவை 500, ரெண்டாவது தடவை 700, மூணாவது தடவை பெர்மிட்டையே நிறுத்தி வைப்பாங்க. பெர்மிட் இல்லாத ரைடருக்கு அந்த மாச வருமானமே இல்லை.

வண்டியே இல்லாதவங்களும் தப்பிக்க முடியாது. அமீரகத்தில் 2025 மார்ச் 29-ல் அமலுக்கு வந்த சட்டத்தில், கண்ட இடத்தில் ரோட்டைக் கடந்து அதனால் விபத்து நடந்தால் ஜெயிலும் 5,000 முதல் 10,000 திர்ஹம் வரை அபராதமும் உண்டு. 80 கிலோமீட்டரும் அதுக்கு மேலும் வேக வரம்பு இருக்கிற ரோடுன்னா இன்னும் கடுமை: குறைந்தது மூணு மாசம் ஜெயில், குறைந்தது 10,000 திர்ஹம், அல்லது ரெண்டில் ஒன்னு. பஸ் ஸ்டாண்டு முன்னாடி கையைக் காட்டி லாரியை நிறுத்திட்டு நடக்கிற நமக்கு இதுதான் பழகக் கஷ்டமா இருக்கும். குடிச்சுட்டு ஓட்டினால் அபராதம் 20,000 திர்ஹத்தில் ஆரம்பிக்குது. அதுக்கு நான் கணக்கு போடப் போறதில்லை. போடவே வேண்டாத செலவு அது.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வருஷம் மாசம் 10 தினார், அமீரகம்னா 100 திர்ஹம், தனியா ஒதுக்குங்க. குவைத்தில் எட்டு மாசத்தில் 80 தினார் சேர்ந்துடும். ஒரு ஃபைனைத் தாங்கும். ஃபைன் வரலைன்னா அது உங்க லீவு டிக்கெட் காசு. எமர்ஜென்சி ஃபண்டோடு இதைக் கலக்காதீங்க. அது வேலை போனால் எடுக்கிற காசு.

மாசம் ஒரு தடவை, சம்பளம் வந்த அன்னைக்கே, உங்க பேரில் ஃபைன் இருக்கான்னு பாருங்க. குவைத்தில் ‘சாஹெல்’ ஆப், துபாயில் துபாய் போலீஸ் ஆப், அபுதாபியில் ‘தம்’ ஆப். அபுதாபியில் 60 நாளுக்குள் கட்டினால் 35 சதவீதம் தள்ளுபடி, அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்குள் கட்டினால் 25 சதவீதம். 800 திர்ஹம் ஃபைனில் 280 மிச்சம். இவ்வளவு உறுதியான லாபம் எந்த முதலீட்டிலும் கிடையாது! துபாயில் பெரிய தொகைன்னா சில வங்கிகள் மூலமா வட்டியில்லாத் தவணை இருக்கு, அதைக் கேளுங்க. கிரெடிட் கார்டில் தேய்ச்சிட்டு மினிமம் மட்டும் கட்டாதீங்க, அந்த வட்டி நம்ம ரெண்டு வட்டியையே தோற்கடிச்சிடும்.

“உங்களுக்கு டிராஃபிக் ஃபைன் வந்திருக்கு, இந்த லிங்கில் கட்டுங்க”ன்னு மெசேஜ் வந்தால் தொடவே தொடாதீங்க. இந்த மோசடியைப் பத்தி குவைத், துபாய் ரெண்டு இடத்திலும் போலீஸே எச்சரிச்சிருக்காங்க. ஊரில் வாட்ஸ்அப்பில் வர்ற போலி இ-சலானும் இதே வகைதான். ஆப்பைத் திறந்து நீங்களே பாருங்க.

பிளாக் பாயின்ட் சேர்ந்தவங்களுக்கு ஒரு வழி இருக்கு. அமீரகத்தில் ஒரு வருஷத்தில் 24 பாயின்ட் ஆனால் லைசென்ஸை நிறுத்தி வைப்பாங்க. ஆகஸ்ட் கடைசியில் ஸ்கூல் திறக்கிற நாளை ‘விபத்தில்லா நாள்’னு 2024-லும் 2025-லும் நடத்தினாங்க. உள்துறை அமைச்சக இணையதளத்தில் உறுதிமொழி எடுத்துட்டு, அன்னைக்கு ஒரு விதியும் மீறாமல் ஓட்டினவங்களுக்கு 4 பாயின்ட் குறைச்சாங்க. ஒரு போன் கால் ஏத்தின அதே 4 பாயின்ட்! அங்கே இருக்கிற அண்ணன், மச்சான் யாருக்காவது இது தெரியாமல் இருந்தால், ஆகஸ்ட் வர்றதுக்குள்ள சொல்லி வைங்க.